விலை கொடாத விருப்பம்

2011இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது; சி-டாக் உருவாக்கிய கட்டற்ற மென்பொருளான பாஸ் லினக்ஸும் இருந்தது. கருவேப்பிலங்குறிச்சியில் என்னிடம் ஓதிய பிள்ளைகள் முன்னதையே திறந்தனர். அதில் குற்றமில்லை. பழகிய கருவி வேலையை எளிதாக்கும். உழைத்தவன் விலை கேட்பதும் நியாயமே.

ஆயினும் அன்பர்களே, வீட்டுக் கணினியில் நாம் விரும்பி வைத்திருக்கும் மென்பொருளுக்கு விலை கொடுத்தோமா? கள்ளப் பிரதியை ஏற்றிக்கொண்டு, அதுவே சிறந்ததென்கிறோம். 2010இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் விலையின்றியே கிடைக்கிறது, தொடமாட்டோம். பொதுமரத்து மாங்காய் புளிக்கிறதென்று அயலான் வேலியைத் தாண்டலாமா?

நானும் விலக்கல்லன். என் பாடக்குறிப்புகள் யாவும் அத்தகைய பிரதியில் எழுதியவையே. ஹக்குல் இபாத் எனும் பிறருரிமை பற்றிய பாடம் உட்பட. சென்ற மாதம் அவற்றை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றினேன். பக்கங்கள் குலைந்துபோயின; இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.