குறிக்கோளைத் தாங்கி நிற்பது எது?

ஆண்டின் முதல் நாளிலும் பிறந்த நாளிலும் பலர் சங்கல்பம் செய்துகொள்கிறார்கள். அதிகாலையில் எழுவது, நாள்தோறும் சிறிது நேரம் நல்ல நூல்களைப் படிப்பது, கோபத்தைக் குறைப்பது, கடனை அடைப்பது, புதிய மொழி ஒன்றைக் கற்பது என்று பட்டியல் நீளும். முதல் வாரம் உற்சாகமாகக் கழிகிறது. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் தவறுகிறது. மாத இறுதியில் சங்கல்பம் நினைவில் மட்டுமே எஞ்சுகிறது. அந்த நினைவும் சற்றுக் குற்ற உணர்வோடுதான் வருகிறது. அடுத்த ஆண்டு அதே பட்டியல் மீண்டும் எழுதப்படுகிறது.

இதற்கு மனவலிமைக் குறைவே காரணம் என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மை அல்ல. மனவலிமை மிக்கவர் என்று பெயரெடுத்தவர்களும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். எந்தச் சிறப்பும் இல்லாதவர் என்று ஊரார் கருதிய சிலரோ அறுபது, எழுபது ஆண்டுகள் ஒரே பணியில் நிலைத்து நிற்கிறார்கள். அப்படியானால் ஒரு குறிக்கோளை இறுதிவரை தாங்கி நிற்பது எது?

ஆன்மிக நாட்டம் உடையவருக்கு இதனோடு இன்னொரு கேள்வியும் எழுகிறது. கடமையைச் செய், பயனில் பற்று வைக்காதே என்பது கீதை காட்டும் நெறி. பயனில் பற்று இல்லாதவன் குறிக்கோள் ஒன்றை வகுப்பது எப்படி? ஆசையே இல்லாவிட்டால் கையும் காலும் எதற்காக அசையும்?

பயனை அறிதலும் பயனைப் பற்றுதலும்

இந்தக் கேள்வியில் ஒரு குழப்பம் மறைந்திருக்கிறது. பயனை அறிந்து செயலாற்றுவது வேறு, பயனுக்கு உரிமை கொண்டாடுவது வேறு. உழவன் எந்த விதையை எந்தப் பருவத்தில் விதைப்பது என்று தீர ஆலோசிக்கிறான். அறுவடையை எண்ணிப் பார்க்காமல் அந்த ஆலோசனை நடக்காது. ஆனால் விதைத்த பிறகு மழையை அவனால் ஆணையிட்டு வரவழைக்க முடியாது. களையெடுப்பதும் வரப்பைக் காப்பதும் அவன் கையில் இருக்கின்றன. அந்த வேலைகளில் அவன் மனம் முழுமையாக இருக்க வேண்டும். வானத்தைப் பார்த்துக் கவலைப்படுவதிலேயே பகல் கழிந்தால் களை வளர்ந்துவிடும்.

கீதை பிறந்த சூழலும் கருதத்தக்கது. வில்லைக் கீழே போட்டுவிட்டு, இனி ஒன்றும் செய்யேன் என்று அமர்ந்துவிட்ட ஒருவனுக்குச் சொல்லப்பட்ட உபதேசம் அது. பயனில் பற்று வேண்டாம் என்று கூறும் அதே இடத்தில், செயலற்றிருப்பதிலும் பற்று வேண்டாம் என்று அது எச்சரிக்கிறது. எனவே பற்றின்மை என்பது குறிக்கோளைக் கைவிடுவது அல்ல. குறிக்கோளை மனத்தில் நிறுத்தி, கவலையைக் கீழே இறக்கி வைப்பதே பற்றின்மை. இது பேச எளிது. வாழ்ந்து காட்டியவர்களின் வரலாற்றில்தான் இதன் பொருள் விளங்கும்.

நடந்தே சென்றவர்

மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் முருட் என்னும் ஊரில் வளர்ந்தவர் தோண்டோ கேசவ கர்வே. பிறந்தது 1858ஆம் ஆண்டு. எளிய குடும்பம். இளமையில் அரசுத் தேர்வு ஒன்றை எழுதுவதற்காக அவர் சாதாராவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. முருடிலிருந்து சாதாரா நூறு மைலுக்கும் மேல். சஹ்யாத்ரி மலையைக் கடந்து தோழர்களுடன் அவர் நடந்தே சென்றார். தேர்வுக் குழுவினர் அவருடைய தோற்றத்தைப் பார்த்தார்கள். உரிய வயதுக்கு இளையவராகத் தெரிகிறார் என்று சொல்லித் தேர்வெழுத அனுமதி மறுத்துவிட்டார்கள்.

அந்த நாளில் அவருடைய குறிக்கோள் முறிந்திருக்கலாம். முறியவில்லை. பின்னர் அவர் தேர்வெழுதித் தேறினார். தொடர்ந்து படித்து 1884இல், 26ஆம் வயதில் பட்டம் பெற்றார். மற்றவர்கள் விரைவாகக் கடந்த படிகளை அவர் மெதுவாகக் கடந்தார். தாமதம் வேறு, தோல்வி வேறு என்பதை இளமையிலேயே அவர் கற்றுக்கொண்டார் எனலாம். 1891இல் கோபால கிருஷ்ண கோகலேயின் அழைப்பை ஏற்றுப் புணேயின் ஃபெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியரானார்.

அக்காலத்தில் உயர் சாதிக் குடும்பங்களில் சிறுவயதிலேயே விதவையான பெண்களின் நிலை துயரம் மிக்கது. தலையை மழித்து, வீட்டின் ஒரு மூலையில் வாழ்நாளைக் கழிக்கும்படி அவர்கள் விதிக்கப்பட்டார்கள். முதல் மனைவியை இழந்திருந்த கர்வே, 1893இல் கோதுபாய் என்ற விதவையை மணந்தார். திருமணத்திற்குப் பின் அவர் பெயர் ஆனந்திபாய். பிறந்து வளர்ந்த முருட் ஊரார் கர்வேயைச் சமூகத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். 1896இல் விதவைப் பெண்களுக்காகப் புணேயில் ஓர் இல்லத்தை அவர் தொடங்கினார். 1900இல் அது நகருக்கு வெளியே ஹிங்கணே என்னும் இடத்தில், நன்கொடையாகக் கிடைத்த நிலத்தில், ஒரு குடிசைக்கு மாறியது.

கல்லூரியில் பாடம் நடத்தி முடித்த பிறகு அவர் ஹிங்கணேக்கு நடந்து செல்வார். அங்கே பெண்களுக்குப் பாடம் சொல்லித் தருவார். பாதை சீரானது அல்ல, மழைக்காலத்தில் சேறு. மறுநாள் மீண்டும் கல்லூரி, மீண்டும் நடை. பெண்கல்வி என்ற பெரிய குறிக்கோள் அவருடைய அன்றாட வாழ்வில் சில மைல் நடையாகவும் சில மணி நேரப் பாடமாகவும் வடிவெடுத்தது.

இங்கேதான் பலருடைய சங்கல்பங்கள் பிழைபடுகின்றன. குறிக்கோள் உயர்ந்ததாக இருக்கிறது. ஆனால் இன்று மாலை ஐந்து மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. அன்றாடச் செயலாக இறங்கி வராத குறிக்கோள் வெறும் விருப்பமாகவே நின்றுவிடும். உற்சாகம் மழைநீர் போன்றது. வரும்போது பெருகும், பிறகு வற்றும். பழக்கம் கிணற்றைப் போன்றது. மழை இல்லாத மாதங்களிலும் அது நீர் தரும். உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பவன் நடக்கத் தொடங்குவதே இல்லை. நடக்கத் தொடங்கியவனுக்கோ பல நாட்களில் உற்சாகம் பாதி வழியில் வந்து சேர்ந்துகொள்கிறது.

பாதையை மாற்றினால் தோல்வியா?

கர்வேயின் முதல் நோக்கம் விதவை மறுமணத்தைப் பரப்புவதாக இருந்தது. அவர் அதற்காகவே சங்கம் அமைத்து உழைத்தார். ஆனால் சமூகத்தின் எதிர்ப்புக்கு நடுவில் மறுமணம் சிலருக்கே எட்டும் என்பதையும், கல்வி கிடைத்தால் பெண்கள் பலர் தம் காலில் நிற்க முடியும் என்பதையும் அனுபவத்தில் உணர்ந்தார். அவருடைய முயற்சியின் மையம் கல்விக்கு நகர்ந்தது. இதைப் பின்வாங்கல் என்று கருத இடம் உண்டு. எடுத்த கொடியைக் கீழே இறக்கிவிட்டார் என்று சொல்லவும் கூடும்.

குறிக்கோளை மாற்றுவது எப்போது பலவீனம், எப்போது விவேகம்? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மாற்றத்திற்குப் பிறகு உழைப்பு குறைந்ததா, கூடியதா என்று பார்க்க வேண்டும். வசதிக்காக மாற்றியவன் மாற்றிய பின் ஓய்வெடுக்கிறான். உண்மைக்காக மாற்றியவன் மாற்றிய பின் முன்பைவிடக் கடினமாக உழைக்கிறான். கர்வேயின் பாதைதான் மாறியது. எந்தப் பெண்களின் கண்ணீர் அவரைப் புறப்படச் செய்ததோ, அவர்களை அவர் மறக்கவில்லை. புறப்படக் காரணமான துயரத்தை நினைவில் வைத்திருப்பவன் பாதையை மாற்றலாம். அதை மறந்தவன் பாதையை மாற்றாவிட்டாலும் வழி தவறியவனே.

திரும்பி வருவதற்கும் துணிவு வேண்டும். 1952 மே மாதத்தில் டென்சிங் நோர்கேயும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரேமண்ட் லம்பேரும் எவரெஸ்டில் சுமார் 8,600 மீட்டர் உயரத்தை எட்டினார்கள். சிகரத்திற்கு எஞ்சியிருந்தது சுமார் 250 மீட்டர். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு உயரம் ஏறியதாக உறுதிப்படவில்லை. இன்னும் மேலே சென்றால் உயிரோடு திரும்ப முடியாது என்பதை உணர்ந்து இருவரும் இறங்கினார்கள். மறு ஆண்டு, 1953 மே 29 அன்று, டென்சிங் எட்மண்ட் ஹிலாரியுடன் சிகரத்தில் நின்றார். அப்போது அவர் அணிந்திருந்தது லம்பேர் அளித்த சிவப்புக் கழுத்துத் துணி. முதல் ஆண்டு இறங்கி வந்ததனால்தான் இரண்டாம் ஆண்டு ஏறும் வாய்ப்புக் கிடைத்தது. பயனில் வெறிகொண்ட மனம் இத்தகைய முடிவை எடுக்காது. குறிக்கோளை நேசித்து, அதற்கு அடிமையாகாத மனமே எடுக்கும்.

அருகில் இருப்பவர்களின் தியாகம்

குறிக்கோள் பற்றிய பேச்சில் அடிக்கடி விடுபட்டுப்போகும் ஒன்று உண்டு. ஒருவருடைய இலட்சியத்தின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. கர்வே தம் வருவாயிலும் சேமிப்பிலும் பெரும்பகுதியை நிறுவனத்திற்கே தந்தார். வீட்டை நடத்தும் சுமை ஆனந்திபாயின் மீது விழுந்தது. அவரும் சாதாரணமானவர் அல்லர். பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் கல்வி பெற்றவர். பிற்காலத்தில் கணவரின் பணிக்கு நிதி திரட்டுவதிலும் துணைநின்றார். எனினும் தாம் பட்ட சிரமங்களைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவர் மறைக்கவில்லை.

இதை உயர்ந்த இலட்சியத்தின் பெயரால் ஒதுக்கிவிடுவது நேர்மை ஆகாது. பொதுநலம் பெரிது என்பதனால் வீட்டில் இருப்பவரின் துன்பம் சிறிதாகிவிடாது. கர்வேயின் பெருமை குறையாமலே இந்தக் கேள்வியும் நிற்கிறது: தன் குறிக்கோளுக்காக இன்னொருவரின் உறக்கத்தையும் உணவையும் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா?

தன் உடலை வருத்திக்கொள்ள ஒருவன் தானே முடிவெடுக்கலாம். உடன் வாழ்பவரை வருத்தும் முடிவை அவன் தனியாக எடுக்க முடியாது. குறிக்கோளை வகுக்கும்போதே வீட்டாரோடு அமர்ந்து பேசுவதும், அவர்கள் சுமக்கப்போகும் பாரத்தை வாய்விட்டு ஒப்புக்கொள்வதும், அவர்களுடைய குறிக்கோள்களுக்கும் இடம் விடுவதும் அறத்தின் பகுதிகள். இவற்றைச் செய்யாத இலட்சியவாதம், தியாகம் என்னும் உடை அணிந்த சுயநலமாக மாறிவிடக்கூடும். இரவும் பகலும் தொழிலுக்காக உழைக்கும் தந்தைக்கும், பிள்ளையின் தேர்வு மதிப்பெண்ணைத் தன் குறிக்கோளாக ஆக்கிக்கொள்ளும் தாய்க்கும் இது பொருந்தும்.

முடிவில்லாத பணி

ஜப்பானில் பெண்களுக்கென நடந்துவந்த பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு வெளியீடு ஒன்று கர்வேயின் கைக்குக் கிடைத்தது. அதிலிருந்து பிறந்த எண்ணம் 1916இல் இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகமாக உருவெடுத்தது. தொடக்கத்தில் மாணவியர் விரல்விட்டு எண்ணும் அளவே. 1920இல் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 இலட்சம் ரூபாய் வழங்க முன்வந்தார். அவருடைய தாயாரின் பெயரால் அது நாதிபாய் தாமோதர் தாக்கர்சி பல்கலைக்கழகம் ஆயிற்று. சட்டப்படி முழுப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது 1951இல்தான். தொடங்கி 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. கர்வே தொண்ணூறைக் கடந்திருந்தார்.

அந்த அங்கீகாரத்திற்காக அவர் காத்திருக்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. எழுபது வயதைக் கடந்தபின் நிதி திரட்ட ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், ஆப்பிரிக்கா என்று பயணம் செய்தார். 1936இல், 78ஆம் வயதில், சிற்றூர்களில் தொடக்கக் கல்வியைப் பரப்ப ஒரு சங்கம் அமைத்தார். 1944இல் சாதி வேற்றுமைகளை நீக்கிச் சமத்துவத்தை வளர்க்க மற்றொரு சங்கம் தொடங்கினார். 1958இல் நூறு வயது நிறைந்தபோது நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. 1962இல் மறைந்தார்.

விருதை நோக்கி நடந்திருந்தால் அவர் எழுபது வயதிலேயே சோர்ந்திருப்பார். பயனைக் கூலியாகக் கருதுபவன் கூலி தாமதமானால் வேலையை நிறுத்துகிறான். பணியையே பேறாகக் கருதுபவனுக்கு ஒவ்வொரு நாளின் கூலியும் அன்றன்றே கிடைத்துவிடுகிறது. ஹிங்கணேயின் குடிசையில் ஒரு பெண் முதல் எழுத்தைப் படித்த மாலையில் அன்றைய நடையின் பயன் முழுமை அடைந்தது. மீதியெல்லாம் பிறகு வந்தவை.

நாள்தோறும் புதுப்பிக்க வேண்டியது

சங்கல்பம் ஒரு முறை செய்து முடிப்பது அல்ல, விளக்கேற்றுவது போல நாள்தோறும் செய்ய வேண்டியது. நேற்று ஏற்றிய விளக்கு இன்று இருட்டை நீக்காது. நேற்று ஏற்றத் தவறியதும் இன்று ஏற்றுவதற்குத் தடை ஆகாது. ஒரு நாள் தவறியதைக் கண்டு மனம் தன்னையே பழிக்கத் தொடங்கும். அந்தப் பழியும் அகந்தையின் மறுமுகமே. தவறு செய்யாதவன் என்று தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் உடைந்ததற்கான வருத்தம் அது. வருத்தத்தை விட்டு மறுநாள் மீண்டும் தொடங்குபவனே நிலைப்பவன்.

குறிக்கோள் வகுக்க விரும்புபவர் முதலில் மூன்று கேள்விகளைத் தம்முள் கேட்டுப் பார்க்கலாம். இது யாருடைய துயரைக் குறைக்கும், அல்லது எந்த நன்மையை வளர்க்கும்? இதற்காக இன்று செய்யத்தக்க சிறு செயல் எது? இதன் சுமையை உடன் தாங்கப்போகிறவர் யார், அவர் சம்மதித்தாரா? மூன்றுக்கும் தெளிவான விடை உள்ள குறிக்கோள் சிறியதாக இருந்தாலும் நிலைக்கும். விடை இல்லாதது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அடுத்த ஆண்டுப் பட்டியலுக்கே திரும்பும்.

சாதாராவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இளைஞருக்குத் தாம் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவப்போவது தெரியாது. தெரிந்திருந்தது, படிப்பை விடக்கூடாது என்பது மட்டுமே. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.