பாம்பும் பட்டயமும்

"ஐயா, இதுவும் புராணம்தானே?"

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். கேட்டவன் குறும்பன் அல்லன், கூர்மையானவன். எதையும் ஏன் என்று கேள், எவர் சொன்னாலும் எண்ணிப் பார் என்று ஆண்டு முழுவதும் அவனுக்குச் சொல்லி வந்தவர் நாமே. இப்போது நாம் கொடுத்த உளியால் நம்மையே செதுக்கிப் பார்க்கிறான்!

பாட நூல் முடிந்து நேரம் எஞ்சும்போது, பிற நாட்டு இலக்கியத்திலிருந்து ஏதேனும் ஒன்றைத் தமிழில் எடுத்துச் சொல்வது நமது வழக்கம். அன்று எடுத்துக்கொண்டது ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் எழுத்தாளர் ஊட்ஜெரூ நூனுக்கல் 1972-இல் வெளியிட்ட கதை நூல், 'ஸ்ட்ராட்புரோக் டிரீம்டைம்'. அதில் ஒரு பாம்பு வருகிறது. மலைப்பாம்பு இனத்தைச் சேர்ந்தது. எழுத்தாளரின் தந்தைக்கு அது குலச்சின்னம், உறவு போன்றது. அதனால் அதைத் துன்புறுத்தமாட்டார். வீட்டிலேயே உலவ விடுவார். தாய்க்கோ அதன்மேல் அவ்வளவு அன்பில்லை. கோழிகளை விழுங்கும் விருந்தாளியை எந்த இல்லத்தரசி விரும்புவாள்? மாணவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்தக் கேள்வி எழுந்தது.

நமக்கு விடை வரவில்லை. மணி அடித்தது, தப்பினோம். ஆனால் கேள்வி நம்முடனேயே வீடு வந்தது.

ஆம், பாம்பு எந்த மனிதனுக்கும் முன்னோன் அன்று. உயிரியல் அறிந்த எவரும் இதில் ஐயம் கொள்ளார். அப்படியானால் ஆமையும் பன்றியும் அவதாரமென்று கூறும் கதைகளை எடுத்தெறிந்த கையால், இந்தப் பாம்புக் கதையை மட்டும் ஏன் பரிவோடு ஏந்த வேண்டும்? தொலைவில் இருப்பதாலா? ஒடுக்கப்பட்டோர் கதை என்பதாலா? இரண்டும் நேர்மையான காரணங்கள் அல்ல. நமக்கு வேண்டியவரின் நம்பிக்கைக்கு ஒரு தராசு, வேண்டாதவரின் நம்பிக்கைக்கு வேறொரு தராசு என்றால், அது வழக்கறிஞரின் வேலை. பகுத்தறிவாளனின் வேலை அன்று.

பாம்பைச் சற்றே ஒருபுறம் வைப்போம். அதே மண்ணில் உலவிய இன்னொரு நம்பிக்கையைப் பார்ப்போம். அதை நம்பியவர்கள் காட்டில் வாழ்ந்தவர்கள் அல்லர்; பொய்முடி அணிந்து நீதி வழங்கியவர்கள்.

1768-இல் கேப்டன் குக் கப்பலேறியபோது, நாட்டு மக்களின் இசைவோடு நிலங்களைக் கைக்கொள்ளலாம் என்று மறைமுக ஆணை ஒன்று அவரிடம் தரப்பட்டது. 1770 ஏப்ரல் 29 அன்று பாட்டனி விரிகுடாவில் அவர் இறங்கியபோது, இருவர் கரையில் நின்று தடுத்தனர். துப்பாக்கி வெடித்தது. வட கரை நோக்கிச் செல்லும் வழியெல்லாம் மக்களைக் கண்டார், அவர்கள் மூட்டிய தீயின் புகையைக் கண்டார். ஆகஸ்ட் 22 அன்று ஒரு சிறு தீவில் கொடியை ஏற்றி, கீழ்க்கரை முழுவதும் பிரிட்டிஷ் மன்னருடையது என்று அறிவித்தார். இசைவு தந்தவர் யார்? எவரும் இல்லை. கேட்டவரும் இல்லை.

1788-இல் குடியேற்றம் தொடங்கிற்று. 1835-இல் ஆளுநர் போர்க் ஓர் அறிக்கை விடுத்தார்: பழங்குடியினரிடம் நிலம் வாங்கியதாக எவர் சொன்னாலும் செல்லாது, நிலம் முழுவதும் அரசுடையது. 1889-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், குடியேற்றம் நிகழ்ந்தபோது அது ஏறக்குறைய ஆளில்லா நிலம். அங்கே நிலைத்த குடியும் இல்லை, நிலைத்த சட்டமும் இல்லை என்ற கருத்தைத் தீர்ப்பிலேயே எழுதிவைத்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த மண், ஆளில்லா மண்! கண்ணெதிரே நிற்பவனைப் பார்த்து "நீ இல்லை" என்று சொல்வதற்கு எத்துணை நம்பிக்கை வேண்டும்! எந்தப் புராணிகன் இந்த அளவுக்குத் துணிந்தான்?

இந்தப் புராணம் வீழ 1992 ஜூன் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டாரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவினர் தொடுத்த மாபோ வழக்கில், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நீதிபதிகள் 6 பேர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்புக் கூறிற்று: மண்ணின் மக்களுக்கு மண்ணில் உரிமை இருந்தது. வழக்கைத் தொடங்கிய எடி மாபோ அதற்குச் சில திங்கள் முன்பே இறந்துவிட்டார். 1788 முதல் 1992 வரை 204 ஆண்டுகள்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்தபோதுதான் மாணவனுக்குரிய விடையின் நுனி நமக்கு அகப்பட்டது. அதைப் பிடித்து மேலே செல்லுமுன் அந்த எழுத்தாளரைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

குயின்ஸ்லாந்துக் கரையருகே உள்ள ஸ்ட்ராட்புரோக் தீவுக்கு, அதன் மக்கள் வைத்த பெயர் மிஞ்செரிபா. 1920-இல் பிறந்த கேத்லீன் ரஸ்கா அங்கே வளர்ந்தார். இடக்கையால் எழுதும் பழக்கமுடையவர். அது குற்றம் என்று பள்ளியில் அடித்தார்கள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதை எழுதும்போது கை கூசுகிறது. இடக்கை தாழ்ந்தது என்ற மூடநம்பிக்கை, நாகரிகம் புகட்ட வந்த பள்ளிக்கூடத்திலேயே பிரம்போடு அமர்ந்திருந்தது! 13 வயதில் படிப்பு முடிந்தது; பிரிஸ்பேன் நகரில் வீட்டு வேலை தொடங்கியது. உலகப் போரின்போது மகளிர் படையில் சேர்ந்தார். பின்னர்க் கேத் வாக்கர் என்ற பெயரில் மேடையேறினார். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை ஏற்காத கட்சி என்பதற்காகப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். தம் பேச்சைக் கட்சியே எழுதித்தர முனைந்தபோது விலகினார். இந்தச் செய்தி நமக்கு மிகவும் பிடித்தது.

1963-இல் உரிமை கேட்டுத் தூதுக் குழுவில் சென்ற இவருக்குப் பிரதமர் மென்சீஸ் மதுக்கிண்ணம் நீட்டினாராம். "என் மாநிலத்தில் நீங்கள் இதைச் செய்தால் சிறை செல்வீர்கள்" என்றாராம் இவர். பழங்குடியினருக்கு மது வழங்குவது குயின்ஸ்லாந்தில் குற்றம். அச்சட்டம் பிரதமருக்கே தெரிந்திருக்கவில்லை!

மறு ஆண்டு, 1964-இல், 'நாங்கள் போகிறோம்' என்று பொருள்படும் தலைப்பில் இவரது கவிதை நூல் வந்தது. பழங்குடிக் கவிஞர் ஒருவரின் முதல் கவிதை நூல் அது. தலைப்புக் கவிதையில், ஒரு சிறு கூட்டம் தன் பழைய இடத்துக்கு வருகிறது. சடங்கு நிகழ்ந்த வட்டத்தில் ஊர்க் குப்பை கொட்டிக் கிடக்கிறது. அவர்கள் கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை. தாங்கள் யார் என்று அமைதியாகச் சொல்கிறார்கள். பறவை, விலங்கு, நிழல், நினைவு என்று அடுக்கிச் செல்லும் அந்தச் சொற்களைப் படித்தபின், குப்பையைக் கொட்டியவனே அந்நியனாக நமக்குத் தெரிகிறான்.

நூல் விற்றது, மேலும் விற்றது. திறனாய்வாளர் சிலர் உதட்டைப் பிதுக்கினர்: இது கவிதையா, பிரச்சாரமா? அவரோ, முழக்கம் என்ற சொல்லைக் கண்டு நாணவில்லை. பிரச்சாரம் என்று இகழ்ந்தோர் ஒன்றை மறந்தனர். நிலத்தை 'ஆளில்லா மண்' என்று வருணித்த அரசாணைகளும் பிரச்சாரமே. ஆனால் அவற்றை எவரும் அப்படி அழைக்கவில்லை. அரசு முத்திரை குத்திவிட்டால் கற்பனைகூட ஆவணமாகிவிடுகிறது போலும்!

இனிக் கதைக்கு வருவோம். அவருடைய எழுத்திலும், அவருக்குப் பின்வந்த அலெக்சிஸ் ரைட் போன்ற பழங்குடிப் பெண் எழுத்தாளர்களின் நாவல்களிலும், 'கண்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல் தனிப் பொருளில் வழங்குகிறது. இதைத் தமிழில் சொல்ல முயன்று தோற்றோம். 'நாடு' என்றால் எல்லைக்கோடும் கொடியும் முன்வருகின்றன. 'நிலம்' என்றால் வரப்பும் பட்டாவும். 'தாய்மண்' என்றாலோ அங்கே ஒரு தேவி வந்து அமர்ந்து பூசை கேட்கிறாள். அவர்கள் கருதுவது, மண்ணும் நீரும் உயிரும் முன்னோரும் அவற்றின்பால் தாம் ஆற்ற வேண்டிய கடமையும் சேர்ந்த ஒன்று. 'இது என்னுடையது' என்பதைவிட 'நான் இதற்குரியவன்' என்பது அதில் ஓங்கி நிற்கிறது.

அதே நூலில் இன்னொரு கதை. உண்பதற்கன்றி எதையும் கொல்லாதே என்பது தந்தையின் விதி. ஒருநாள் பிள்ளைகள் விளையாட்டு வெறியில் கூக்கபரா என்ற பறவையை அடித்துவிட்டனர். தந்தை பிரம்பை எடுக்கவில்லை. மூன்று திங்கள் எவரும் வேட்டைக் கருவியைத் தொடக்கூடாது என்றார். அந்த மூன்று திங்களும், அவர்கள் வெறுத்த அரசுப் பங்கீட்டு உணவே உணவு.

பாம்பை உறவென்று எண்ணியவன், அதனால் என்ன செய்தான்? தன் கையைத் தானே கட்டிக்கொண்டான். நிலத்தை ஆளில்லாதது என்று எண்ணியவன், அதனால் என்ன செய்தான்? பிறர் கையிலிருந்ததைப் பறித்தான். ஒரு நம்பிக்கை யாரைக் கட்டுப்படுத்துகிறது, யாரிடமிருந்து பறிக்கிறது என்று கேட்பதும் பகுத்தறிவின் வேலையே. ஆமை அவதாரத்தை நாம் எதிர்த்தது, ஆமையின்மேல் கொண்ட பகையாலா? அந்தக் கதையின் பின்னே நின்று தட்டு நீட்டிய கையையும், 'நீ கீழ், நான் மேல்' என்ற சொல்லையும் கண்டதால் அன்றோ?

இந்த விடையில் நமக்கு முழு நிறைவு உண்டா? இல்லை. பயன்படுகிறது என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. இன்று தன் கையைக் கட்டும் நம்பிக்கை, நாளை அயலான் கையைக் கட்டக்கூடும். ஆனால் ஊட்ஜெரூ நம்மை நம்பச் சொல்லி எழுதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்நூலின் பிற்பகுதியில் பழங்கதைகளோடு, தாமே புனைந்த புதுக் கதைகளையும் வைத்திருக்கிறார். இறைவன் அருளியது, எழுத்தெண்ணிக் காக்க வேண்டியது என்ற மிரட்டல் அங்கே இல்லை. ஒரு கதையில், தன் குலத்தின் கதைகளை இழந்த பெண்ணொருத்தி, காகிதம் போல் உரியும் மரப்பட்டையைத் திரட்டுகிறாள். அணைந்துபோன தீயின் கரிக்கட்டைகளைப் பொறுக்குகிறாள். இழந்த கதைகளை எழுதத் தொடங்குகிறாள். அந்த மரத்தின் பெயரே ஊட்ஜெரூ. பின்னாளில் அவர் சூடிக்கொண்ட பெயரும் அதுவே. குடியேற்றத்தின் 200-ஆம் ஆண்டு விழாவை நாடே கொண்டாட முனைந்தபோது, 1970-இல் பெற்ற அரச விருதை 1987-இல் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய பெயரையும் உதறினார்.

கரிக்கட்டையைப் பொறுக்கியது வீண்வேலை அன்று. மாபோ தீர்ப்புக்குப் பிறகும் நிலவுரிமை எளிதில் கிட்டவில்லை. பழைய வழக்கங்கள் அறாது தொடர்வதை மக்களே மெய்ப்பிக்க வேண்டும். யோர்ட்டா யோர்ட்டா மக்களின் கோரிக்கை 2002-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது, அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று. அறுத்தவர் யார்? விரட்டியவனே, "நீ இங்கே இல்லையே" என்கிறான். 1992-இல் மாண்ட புராணத்தின் பேரன் அல்லவா இது?

கவிஞர் ஜூடித் ரைட் என்ற வெள்ளைப் பெண்மணி இவருக்கு உற்ற தோழி. முதல் நூல் வெளிவரத் துணைநின்றவர். நிலம் கைக்கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பத்தின் வரலாற்றை 1959-இல் ஒரு நூலாக எழுதினார். அதில் முன்னோர் உழைப்பாளிகள், துணிவாளர். 1981-இல் அதே வரலாற்றை மீண்டும் எழுதினார். இம்முறை, விரட்டப்பட்டவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் சேர்த்து. தாத்தாவின் பாவத்துக்குப் பேத்தி தண்டனை ஏற்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தாத்தாவின் நிலத்தைப் பெற்றுக்கொண்டு, அவர் கணக்கேட்டை மட்டும் பார்க்கமாட்டேன் என்பது எப்படிச் சரியாகும்?

கணக்கேடு என்றதும் இன்னொன்று. மக்கள் தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரைச் சேர்க்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருந்தனர். அதை நீக்க 1967-இல் நடந்த வாக்கெடுப்புக்காக ஊரூராகப் பேசியவர்களுள் ஊட்ஜெரூவும் ஒருவர். 90 விழுக்காட்டுக்கு மேல் 'ஆம்' என்றனர். 2023 அக்டோபர் 14 அன்று மற்றொரு வாக்கெடுப்பு: பாராளுமன்றத்துக்குக் கருத்துரைக்கப் பழங்குடியினருக்கு ஓர் அவை வேண்டுமா? 60 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றனர். எண்ணிக்கையில் சேர்க்க இசைந்தவர்கள், பேச்சில் சேர்க்கத் தயங்குகிறார்கள்.

ஊட்ஜெரூ 1993-இல் மறைந்தார். பல ஆண்டுகள் தம் தீவில் மூங்கால்பா என்ற இடத்தில் வாழ்ந்து, நிறம் பாராமல் ஆயிரக்கணக்கான சிறுவருக்கு மண்ணையும் கதையையும் கற்பித்தார். 2011 ஜூலை 4 அன்று குவாண்டமூக்கா மக்களுக்கு அத்தீவில் உள்ள நிலவுரிமையை நீதிமன்றம் ஏற்றது. 2019-இன் இறுதியில் அங்கே மணல் தோண்டும் சுரங்கத் தொழில் நின்றது.

இவ்வளவையும் அடுத்த வாரம் அந்த மாணவனிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். பட்டயத்தைப் பற்றியோ வாக்கெடுப்பைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளைகள் மூன்று மாதமும் உண்மையிலேயே வேட்டைக்குப் போகவில்லையா, ஐயா?" என்றான்.

படித்துப் பார் என்று நூலை நீட்டினோம். "ஆங்கிலமாயிற்றே" என்று தயங்கினான். அகராதியையும் சேர்த்துக் கொடுத்தோம்.