முகமூடியும் முகமும்: நடிகனின் அறம் பற்றிய ஒரு நோக்கு

வேடம் புனைதல் மனித நாகரிகத்தின் மிகப் பழைய கலைகளுள் ஒன்றாகும். கூத்தனின் ஒப்பனை விடிந்ததும் கலைந்துவிடும் என்பது நெடுங்கால நியதி. இரவிலே இராமனாக ஆடியவன் காலையிலே ஏர் பிடித்தான்; ஊரும் அவனை உழவனாகவே கண்டது. திரைப்படமும் தொலைக்காட்சியும் இந்நியதியைக் குலைத்தன. ஒரே முகம் ஒரே வேடத்தில் ஆயிரக்கணக்கான இல்லங்களில் வாரந்தோறும் தோன்றலாயிற்று. மேடையிலிருந்து இறங்கிய பின்னும் மக்கள் அம்முகத்தில் வேடத்தையே கண்டனர். நல்லவனாக நடித்துப் புகழ்பெற்ற ஒருவன் நல்லவனாக வாழவும் கடமைப்பட்டவனா என்னும் வினா இங்கேயே பிறக்கின்றது.

இவ்வினாவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்து நடிகர் ஒருவரின் வாழ்வு. கிளேற்றன் மூர் 1914ஆம் ஆண்டு சிக்காகோவில் பிறந்தவர். இளமையில் சர்க்கஸ் ஊஞ்சல் வித்தை பயின்றவர். பின்னர் சிறு படங்களிலும் தொடர்படங்களிலும் நடித்தவர். 1933இல் வானொலி நாடகமாகத் தோன்றிய 'லோன் ரேஞ்சர்' 1949இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, கறுப்பு முகமூடி அணிந்து வெண்குதிரையேறி நீதி காக்கும் வீரனாக அவர் நடித்தார். இடையே ஒரு காலம் ஜோன் ஹாட் என்பவர் அவ்விடத்தை நிரப்பினார். எனினும் மூர் மீண்டார். 1957இல் தொடர் முடிவுற்றது. அதன் பின்னரும் அவர் ஊர் ஊராகச் சென்று, முகமூடியுடன் சிறுவர்முன் தோன்றினார். அவ்வீரனின் நெறிக்கு ஏற்பத் தமது வாழ்வையும் அமைத்துக்கொள்ள முயன்றதாகப் பலமுறை கூறினார்.

1979இல், பாத்திரத்தின் உரிமையைப் பெற்றிருந்த நிறுவனம் புதிய திரைப்படம் ஒன்றைத் திட்டமிட்டது. முதியவரான மூர் முகமூடியுடன் பொதுவிடங்களில் தோன்றலாகாது என நீதிமன்றத் தடையும் பெற்றது. அவரோ முகமூடிக்குப் பதிலாக ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை அணிந்து தமது பயணத்தைத் தொடர்ந்தார். மக்கள் அவரை அப்பொழுதும் இனங்கண்டனர். 1981இல் வெளிவந்த புதிய படம் தோல்வியுற்றது. 1984இல் நிறுவனம் தடையைக் கைவிட்டது. 1999இல் மூர் காலமானார். முகமூடி நிறுவனத்தின் சொத்து என்பதில் சட்டத்துக்கு ஐயமில்லை. ஆனால், முப்பதாண்டு நடத்தையால் ஒருவர் ஈட்டிய நம்பிக்கை யாருடைய சொத்து? இதற்குச் சட்டத்தில் விடையில்லை. விடையை அறவியலிலேயே தேடல் வேண்டும்.

மெய்யியலாளர் இவ்விடயத்தில் ஒருமித்த கருத்தினர் அல்லர். போலச்செய்தல் பழக்கமாகிப் பின் இயல்பாகிவிடும் என அஞ்சிய பிளேட்டோ, தமது இலட்சிய அரசிலே நடிப்புக்குக் கட்டுப்பாடு விதித்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் தீதரோ இதற்கு நேர்மாறான கருத்தினர். சிறந்த நடிகன் தான் காட்டும் உணர்ச்சியைத் தான் உணராதவன் என்பது அவர் துணிபு. தீதரோவின் வழி நோக்கின், வேடம் ஒரு தொழிற்கருவி மாத்திரமே. தச்சன் உளிக்குக் கடமைப்பட்டவனல்லன். இக்கூற்றில் உண்மை உண்டு. கொலைகாரனாக நடித்தவனை எவரும் சிறையிடுவதில்லை. அவ்வாறாயின், வள்ளலாக நடித்தவனிடம் மட்டும் வள்ளன்மையை எதிர்பார்ப்பது முறையாகுமா?

கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த ம. கோ. இராமச்சந்திரனின் வரலாறு இவ்விடத்திற் கருதத்தக்கது. 1964இல் வெளிவந்த 'வேட்டைக்காரன்' படத்தில் அமெரிக்க மேய்ப்பு வீரனின் உடையிலேயே அவர் தோன்றினார். எனினும் அவருடைய உண்மையான முகமூடி உடையன்று. திரையிற் பேணிய ஒழுக்கமே அவரது முகமூடி. மது அருந்துபவராகத் தோன்றுவதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். 1968இல் 'ஒளி விளக்கு' படத்தில் குடித்தபோதும், அவரது மனச்சாட்சியே உருவெடுத்து வந்து அவரைக் கடிந்தது. 1977இல் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அவரது ஆட்சி 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி ஏழைச் சிறாருக்கு உணவளித்தது. அதே ஆட்சி 1981இல் மதுவிலக்கைத் தளர்த்திச் சாராயக் கடைகளைத் திறந்தது. முன்னையது வேடத்துக்கு உண்மையாயிருந்தது. பின்னையது வேடத்தை மறந்தது. ஆய்வாளர் எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூலில் இப்பிம்பத்தை ஒரு பொறியாகவே கண்டார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் 1987இல் அவர் மறையும்வரை அவரை விட்டு நீங்கவில்லை. மூரின் கண்ணாடி முகமூடி பறிக்கப்பட்டமையால் வந்தது. இவருடைய கண்ணாடியோ காலப்போக்கில் ஒரு முகமூடியாகவே ஆயிற்று.

இவ்விரு வரலாறுகளிலிருந்தும் ஓர் உண்மை புலப்படும். நடித்தல் என்னும் செயல் தன்னளவில் எக்கடமையையும் தோற்றுவிப்பதில்லை. வேடத்துக்கு உரிய நம்பிக்கையை வேடத்துக்கு வெளியே ஒருவன் பெற்றுக்கொள்ளும்போதே கடமை தோன்றுகின்றது. சிறுவரின் நம்பிக்கையை மூர் ஏற்றார். வாக்காளரின் நம்பிக்கையை இராமச்சந்திரன் ஏற்றார். பெற்றது கடன்; கடன் தீர்க்கப்படல் வேண்டும்.

இம்முடிவைச் சோதிக்க மூன்றாவது மனிதர் ஒருவர் உளர். லோன் ரேஞ்சரின் துணைவன் ரொன்ரோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ், கனடாவில் பிறந்த மோஹாக் பழங்குடியினர். கொச்சை ஆங்கிலம் பேசிப் பின்தொடரும் துணைவனாகவே அவர் காட்டப்பட்டார். அவ்வேடத்தை எழுதியவர்கள் அவருடைய மக்கள் அல்லர். அவ்வேடம் அவருக்கு ஊதியமும் புகழும் தந்தது. ஆனால் அவருடைய மக்களுக்கு அது தேடித்தந்தது நம்பிக்கையன்று, இளக்காரமே. ஆகவே அவ்வேடத்தின்படி வாழும் கடமை அவருக்கு இருக்கவில்லை. அதன் எல்லையைக் கடப்பதே கடமையாயிற்று. 1960களில் பழங்குடி நடிகருக்கான பயிற்சிக்களம் ஒன்றை உருவாக்கி அக்கடமையை அவர் ஆற்றினார். வேடத்துக்கு உண்மையாயிருத்தல் எப்பொழுதும் அறமாகாது. அவ்வேடத்தை யார் எழுதினார், யாருக்காக எழுதினார் என்பதும் வினவப்படல் வேண்டும்.

இனி, வேடத்துக்காக நல்லவனாக ஒழுகுதல் பாசாங்கன்றோ எனும் ஐயம் எழலாம். மடவளைக் கடைத்தெருவிலே துணி வணிகர் ஒருவரைக் கற்பனை செய்யலாம். நேர்மையாளர் என்னும் பெயரால் வாடிக்கையாளர் வருவர் என்பதற்காகவே அவர் தொடக்கத்தில் நிறைய அளந்தார் எனக் கொள்வோம். அது வணிகத் தந்திரமே. ஆயினும், நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகின்றான் என அரிஸ்ரோட்டில் கூறியவாறு, இருபதாண்டுக்குப் பின் அவர் கை குறைத்தளக்க மறுத்துவிடக்கூடும். திருக்குறளின் கூடாவொழுக்கம் கண்டிக்கும் போலித் துறவிக்கும் இவருக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லை. வாங்குபவர் அளவறியாச் சிறு பிள்ளையாக இருக்கும் வேளையிலேயே வேறுபாடு வெளிப்படும். போலித் துறவி அங்கே வேடத்தைக் களைவான். வணிகரோ அங்கும் நிறைய அளப்பார்.

ஆசிரியர், மாணவர், மருத்துவர், தலைவர் என ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேடத்தின் பெயரால் பிறருடைய நம்பிக்கையைப் பெறுகின்றனர். அறிஞர் என்னும் மதிப்பைப் பெறுபவர் அறியாததை அறிந்ததாகக் காட்டாதிருக்கக் கடமைப்பட்டவர். முகமூடி அணிதல் குற்றமன்று. அதன் பெயரால் பெற்றதைத் திருப்பிக் கொடாமையே குற்றம். முகமூடியைக் கழற்றும் நாளில் அதன்கீழ் அதற்கு ஒத்த முகம் ஒன்று வளர்ந்திருக்குமாயின், அக்கடன் தீர்ந்ததெனலாம்.