விருந்தும் விரதமும்

மாரிகாலம் பிறந்துவிட்டது. வாடைக் காற்றும் மழையுங் கூடிப் பெரும்போக வயல்களைப் பச்சையாக்கும் இக்காலத்திலே பசி மிகும். சூடான உணவில் விருப்பமும் மிகும். வீட்டடுப்பிலே மிளகு ரசமும் ஆவி பறக்கும் பிட்டும் இருக்கவும், நண்பரோடு கூடிப் புறத்தே உண்ணும் ஆசை மாலைதோறும் எழும். ஆயினும் சைவர்க்கு இதுவே விரதகாலமுமாகும். ஐப்பசியிற் கந்தசட்டி, கார்த்திகையிற் சோமவாரம், அதன்பின் இருபத்தொரு நாட் பிள்ளையார் பெருங்கதை, மார்கழியில் திருவெம்பாவை என நோன்புகள் நிரைநிரையாக வருகின்றன. பசியும் நோன்பும் ஒரு பருவத்தே வருதலின், உணவைப்பற்றிய ஒழுக்க வினா ஒன்று ஆண்டுதோறும் நம் வாயிலில் வந்து நிற்கின்றது.

அவ்வினாவை அண்மையில் எம்மிடங் கொணர்ந்தவர், பாலமுனையிலே கற்பிக்கும் இளஞ் சைவாசிரியர் ஒருவர். பாலமுனை, அம்பாறைக் கரையிலே ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த முஸ்லிம் ஊர். அவ்வூரார்க்கும் நமக்கும் மொழி ஒன்று. தாய்வழிக் குடிமுறை ஒன்று. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைக்கும் வழக்கமும் ஒன்று. உணவு ஒன்றே வேறு. தவணை முடிவிலே உடனாசிரியரெல்லாருங் கூடி இரவுணவுக்குக் கடைக்குச் செல்ல ஒழுங்கு செய்தனராம். “போனால் விரதம் பழுதாகுமோ, போகாவிட்டால் நட்புப் பழுதாகுமோ?” என்பது அவர் கேட்ட கேள்வி.

இதற்கு இருவகை விடை நம்மிடையே வழங்கும். முதலாவது, போகற்க என்பது. இறைச்சிக் கொத்துக் கொத்திய அதே இரும்புத் தகட்டிலேதான் மரக்கறிக் கொத்தும் கொத்தப்படும். அகப்பை ஒன்று, எண்ணெய் ஒன்று. ஆதலின் சைவன் தன் வீட்டுச் சோற்றோடு நிற்பதே மேன்மை என்பர். இரண்டாவது, உணவிலே சமயமில்லை, நட்பே பெரிது, இட்டதை உண்க என்பது. இவ்விரண்டாம் விடையை நாம் இளமையிலேயே கேட்டதுண்டு. கிறிஸ்தவ மிஷனார் நிறுவிய பாடசாலை ஒன்றிலே நாம் கற்றபோது, மதிய உணவு வேளையில் நம் சோற்றுப் பொதியைக் கண்ட ஆசிரியர் ஒருவர், வாயினுட் செல்வதனால் மனிதன் தீட்டுப்படான், வாயினின்று வருவதனாலேயே தீட்டுப்படுவான் என்னும் தம் வேதக் கருத்தை எடுத்துக் கூறி நகைத்தார். அன்று விடையிறுக்க அறியாது தலைகுனிந்தோம். இன்று அறிவோம்: அக்கருத்து தீட்டுக்கு விடையாகும், அருளுக்கு விடையாகாது. நாம் புலால் மறுப்பது தீட்டுக்கு அஞ்சியன்று. ஓருயிர் நம் நாவின்பொருட்டு மடிதலாகாது என்னும் இரக்கத்தினால்.

இரண்டு விடையும் எமக்கு உடன்பாடல்ல. ஏனென்பதை நூலினின்று கூறுமுன், எம் வாழ்விலே நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம்.

1998ஆம் ஆண்டு மார்கழியிலே திருவெம்பாவையும் ரமழான் நோன்பும் ஒருங்கே வந்தன. ரமழான் சந்திரமானத்தைத் தழுவி ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முந்தி வருதலின், அது மார்கழியைத் தொடுவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறையே. அப்போது பாலமுனையிலே நாம் ஆசிரியர். போர் நடந்த காலம். அதற்கு எட்டாண்டுக்கு முன், 1990ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலே, காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுது நின்ற முஸ்லிம்களும், வீரமுனைப் பிள்ளையார் கோயிலிலே அடைக்கலம் புகுந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். அதன்பின் பல்லாண்டு இரு சாராரும் சந்தையிலே பேசினர், பாடசாலையிலே பேசினர், ஒருவர் வீட்டிலே மற்றவர் கைநனைப்பது மட்டும் அரிதாயிற்று.

ஒருநாள் விடைத்தாள் திருத்தி முடிக்கப் பொழுது சாய்ந்தது. மழை தெருவை மூடிவிட்டது, பேருந்து இல்லை. உடனாசிரியரான முஸ்லிம் நண்பர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். நோன்பு திறக்கும் நேரம். எல்லார்க்கும் இறைச்சியிட்ட நோன்புக் கஞ்சி பெரும் பாத்திரத்தில் இருந்தது. நாம் தேநீர் மட்டும் போதுமென்று சொல்ல வாயெடுக்குமுன், நண்பரின் தாயார் சிறு மண்சட்டியொன்றைக் கொணர்ந்து எம்முன் வைத்தார். “மகன், இது புதுச் சட்டி. இறைச்சி ஒரு நாளும் போடல்ல. அகப்பையும் புதுசுதான். பயமில்லாமக் குடிங்க” என்றார். அரிசியும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் வெந்தயமும் இட்ட கஞ்சி. என்றேனும் ஒருநாள் மகனுடைய நண்பர் வருவார் என்று, அச்சட்டியை அவர் முன்னமே வாங்கி வைத்திருந்தாராம். நாள் முழுதும் நீரும் அருந்தாதிருந்த அவ்வம்மையார், தாம் நோன்பு திறக்குமுன் எம் விரதத்தைக் காத்தார்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். விடியுமுன் ஸஹர் உணவுக்காக வீடு எழுந்தது. நாம் கிணற்றடியில் நீராடித் திண்ணையிலமர்ந்து திருவெம்பாவையை மனத்துள் ஓதினோம். உள்ளே பேச்சொலி தாழ்ந்தது. ஏன் தாழ்ந்ததென்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவ்வாண்டுத் தைப்பொங்கலும் நோன்பினுள்ளேயே வந்தது. நண்பரை மாலையில் எம் வீட்டில் நோன்பு திறக்க அழைத்தோம். இறைவனுக்குப் படைத்த உணவை உண்பது அவர் மார்க்கத்துக்கு ஆகாது. அதனை உணர்ந்த எம் மனைவியார் படையலுக்கொரு பானையும் படையாத பானையொன்றும் வைத்தார். “படைக்காத பொங்கலையா வந்த மனிசனுக்குக் குடுக்கிறது?” என்று மாமியார் மனம் நொந்தார். “அம்மா, படைச்சு உண்ணுறது எங்கட விரதம், படையாததை உண்ணுறது அவருக்கு விரதம்” என்றார் மனைவியார். மாமியார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு தாமே எழுந்து இரண்டாம் பானைக்குச் சர்க்கரை இட்டார்.

இவ்விரு பானைகளிலேயே இளம் ஆசிரியரின் வினாவுக்கு விடையுண்டு. விருந்தோம்பல் என்பது வந்தவர் வயிற்றை நிரப்புதல் மாத்திரமன்று. வந்தவர் விரதத்தைக் காத்தலுமாம். அதனைச் செய்ய வல்லார் யார்? தமக்கென ஒரு விரதமுடையாரே. நோன்பின் அருமையை அறிந்தமையினாலன்றோ அத்தாயார் எம் நோன்பின் அருமையை அறிந்தார்? எல்லாம் ஒன்றே, இட்டதை உண்க என்பார், தமக்கும் விரதமின்றிப் பிறர் விரதத்தையும் மதியாதொழிவர். போகற்க என்பாரோ, பிறர் நம் விரதத்தைக் காக்கும் அறத்தைச் செய்ய இடங்கொடாதொழிவர். முன்னவர் ஒழுக்கத்தை இழப்பர். பின்னவர் அன்பை இழப்பர்.

திருவள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும், புலால் மறுத்தலை இருபத்தாறாம் அதிகாரமாகவும் வைத்தார். ஒரு நூலிலே இரண்டும் உள. ஒன்றனைக் கொண்டு மற்றதனை வெட்டுதல் நூலையே வெட்டுதலாம். இனி, மாரிகால விருந்துக்கு நம் புராணத்திலே தலைநின்றவர் இளையான்குடி மாறநாயனார். மழையிரவிலே வந்த அடியாரின் பசிக்காக, விதைத்த நெல்லையே வயலில் வாரிக் கொணர்ந்தவர். வீட்டுக் கூரையின் வரிச்சையே விறகாக்கியவர். விதைத்த வயலை மழை மூடக் கண்ட இக்கரையோரத்து உழவர்க்கு அவ்விதைநெல்லின் விலை நன்கு தெரியும். தம் பொருளிலே அவர் எதனையும் மிச்சம் வைத்தாரல்லர். அடியார்க்கு ஆகாததொன்றை இட்டாருமல்லர்.

எனினும் ஓர் ஐயம் எழும்: யாரோடு உண்பது என்பதற்கும் நம் முன்னோர் விதி வகுத்தனரே எனின், வகுத்தனர், அவ்விதி நம்மை எங்கே கொண்டுசென்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும். 1929, 1930ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சாதிவேறுபாடின்றிச் சமமாக இருத்தும் சமாசனம் புகுந்தபோது, சைவத்தின் பேராலேயே அதனை எதிர்த்தோர் பலர். பாடசாலைக் கட்டடங்கள் சில எரியுண்டன. இன்று அதனை எண்ண ஆசிரிய உலகம் நாணுகின்றது. எதை உண்பது என்பது ஒழுக்கம். எவரோடு இருந்து உண்பது என்பது அன்பு. முன்னதன் வேலியைப் பின்னதன்மீது இட்டதே அன்றைய பிழை.

ஆதலின் அவ்விளைஞர்க்கு நாம் கூறியது இது. செல்க. நும் விரதத்தை இலையிட்டபின் கூறாது, முன்னாளே இன்சொல்லாற் கூறுக. தகட்டைக் கழுவித் தருமாறு கடைக்காரரைக் கேட்டல் குற்றமன்று. தந்தால் உண்க, இயலாதெனின் பழமும் பிளேன்ரீயும் போதும். பிறர் தட்டை நோக்கி முகஞ் சுளியற்க. நும் பங்குப் பணத்தை மறவற்க. அடுத்த வாரம் அவரை நும் வீட்டுக்கு அழைக்க. அழைக்குமுன், அவர்க்கு ஆகாதது யாதென்று கேட்க. இக்கடைசிக் கேள்வியைக் கேளாதவன் எத்துணை நல்ல சோறிட்டாலும் பாதி விருந்தே இட்டவனாவான்.

அம்மண்சட்டியின் கதை இன்னுஞ் சிறிதுண்டு. ஆறாண்டுகளாக அது எமக்கெனவே அவ்வீட்டு அடுக்களையிலே தனியே இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மார்கழிப் பூரணையன்று, இக்கரை முழுதையுங் கடல் வாரியது. அவ்வீடும் அதிற் போயிற்று. வீட்டார் உயிர் தப்பினர். சில நாட்கழித்து அகதி முகாமிலே அத்தாயாரைக் கண்டோம். வீடு போனதையோ பண்டம் போனதையோ அவர் முதலிற் சொல்லவில்லை. எம் கையைப் பற்றி, “மகன், உங்கட சட்டியும் பெய்த்து” என்றார்.

அடுத்த முறை சென்றபோது நாமே ஒரு சட்டி வாங்கிச் சென்றோம்.