யார் சுவரில் யார் பேச்சு?

அமெரிக்கத் தொழிலாளர்கள் சங்கத்தில் சேரவும் கூட்டாகப் பேரம் பேசவும் உள்ள உரிமையை 1935-ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது. ஆனால் அந்த உரிமை உண்டு என்பதைத் தொழிலாளருக்கு எடுத்துச் சொல்லும் பொதுக் கடமையை அது முதலாளி மீது சுமத்தவில்லை. 2009 ஜனவரியில் அதிபர் ஒபாமா பிறப்பித்த 13496-ஆம் நிர்வாக ஆணை, அரசு ஒப்பந்ததாரர்கள் அளவில் அந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தது. தொடக்க விதிப்படி 1,00,000 டாலருக்கோ அதற்கு மேலோ ஒப்பந்தம் எடுத்தவரும், அவருக்கு 10,000 டாலருக்கு மேல் சரக்கோ சேவையோ தரும் துணை ஒப்பந்ததாரரும் உரிமை அறிவிப்பைத் தொழிலாளர் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாதோர் கணிசமாக இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒட்ட வேண்டும். மீறினால் ஒப்பந்தமே ரத்தாகலாம்.

தான் ஏற்காத கருத்தைத் தன் சுவரிலேயே ஒட்டச் சொல்வது நியாயமா என்று முதலாளிகள் கேட்டார்கள். 1935 சட்டத்துக்கு உட்பட்ட எல்லா முதலாளிகளும் இத்தகைய அறிவிப்பை ஒட்ட வேண்டும் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2011-இல் கொண்டுவந்த விதியை மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 2013-இல் வீழ்த்தின. ஒப்பந்ததாரர் மீதான ஆணையோ 2015-இல் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தப்பியது. விருப்பமில்லாதவர் அரசுப் பணத்தை நாடாமல் இருக்கலாமே என்ற பதில் சட்டத்துக்குப் போதும், அறத்துக்குப் போதாது. பெரிய நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைக்கு அந்தத் தெரிவு பெயரளவில்தான் இருக்கிறது. வலுவான பதில் வேறு. அந்தத் தாளில் பேசுவது முதலாளி அல்ல, சட்டம். அது அரசின் பெயரிலேயே வருகிறது. அதற்குப் பக்கத்தில் தன் மறுப்பை எழுதி ஒட்ட முதலாளிக்குத் தடையில்லை. ஆனால் அறியாத உரிமையைக் கேட்டுப் பெறத் தொழிலாளியால் முடியாது. அந்த அறியாமையால் ஆதாயம் அடைபவர் பொதுப்பணத்தில் தொழில் நடத்தும்போது, ஒரு தாளுக்கு இடம் தருவது பெரிய சுமையல்ல.

இந்தக் கட்டாயத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஒபாமா அல்ல. சங்க உறுப்பினராகச் சேராதவர், கூட்டுப் பேரத்துக்குத் தொடர்பில்லாத சங்கச் செலவுகளுக்குப் பணம் தர மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் பெக் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையைச் சொல்லும் அறிவிப்பை ஒப்பந்ததாரர்கள் ஒட்ட வேண்டும் என்று தந்தை புஷ் 1992-இல் ஆணையிட்டார். கிளின்டன் 1993-இல் நீக்கினார். மகன் புஷ் 2001-இல் மீட்டார். ஒபாமா அதையும் நீக்கித் தன் அறிவிப்பைக் கொண்டுவந்தார். ஆக, சுவரைப் பயன்படுத்துவதில் இரு கட்சிக்கும் கூச்சம் இருந்ததில்லை. எந்த உரிமையைச் சொல்வது என்பதில்தான் சண்டை. சங்கத்தில் சேராமல் இருக்கவும் உரிமை உண்டு என்று 2009 ஆணைப்படியான அறிவிப்பு நேர்மையாகவே சொல்கிறது, ஆனால் பெக் தீர்ப்பைச் சொல்லாமல் விடுகிறது. தொழிலாளி அறிய வேண்டும் என்பதுதான் ஆணையின் நியாயம் என்றால், சங்கத்துக்குச் சங்கடமான உரிமையும் அதே தாளில் இருந்திருக்க வேண்டும்.