நாயின் நன்றியும் வளர்ப்பவரின் கடனும்

நட்பை ஆராயுமிடத்தில் நாலடியார், பாகனை நெடுநாள் அறிந்திருந்தும் அவனையே கொன்றுவிடக்கூடிய யானையையும், எறியப்பட்ட வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டும் நாயையும் எதிரெதிரே நிறுத்தி, நாய் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது. அங்கே பேசப்படுவது நாயின் பெருமை. வேல் எறிந்தவன் செய்தது முறையா என்பது பேசப்படவில்லை. வீட்டில் நாய் வளர்ப்பதைப் பற்றிய அறவினா அந்தப் பேசப்படாத இடத்தில்தான் இருக்கிறது. துன்புறுத்தியவரிடமும் அன்பு மாறாத ஓர் உயிரை வளர்ப்பவர், தாம் அதனை நடத்தும் முறை சரியானதா என்பதை அதன் வாலசைவைக் கொண்டு அறிய முடியாது.

தண்டனை என்பது தன் குற்றத்தைக் குற்றமென உணரக்கூடியவருக்கே பொருந்தும். தொல்காப்பிய மரபியல் விலங்குகளை ஐயறிவுடையனவாக வகுத்து, மனம் என்னும் ஆறாம் அறிவை மக்களுக்கு உரியதாக்குகிறது. விலங்குகளுள் சிலவற்றுக்கும் அது உண்டு எனக் கொள்ள உரைமரபு இடம் தருகிறது. நாய்க்கு மனம் உண்டா என்பது இன்றும் முடியாத விவாதமே. ஆனால் செருப்பைக் கடித்த நாய் தலையைத் தாழ்த்திக் கண்ணை விலக்கும்போது அதற்குக் குற்றவுணர்வு இருப்பதாக வீட்டார் நம்புவது வேறு செய்தி. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக்கூடாது என்று விலக்கப்பட்ட பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. உரிமையாளர் கடிந்துகொண்டபோதுதான் அது மிகுதியாகத் தோன்றியது. பண்டத்தைத் தொடாத நாயும், திட்டு விழுந்தால் குற்றவாளியைப் போலவே நின்றது. அதாவது மனிதர் அங்கே கண்டது தம் சினத்தின் நிழலையே.

இதனால் பழக்குதல் என்னும் செயலின் பொருளே மாறுகிறது. ஒரு செயலின் விளைவு இனிதாக இருந்தால் விலங்கு அச்செயலை மீண்டும் செய்யும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் விளைவு விதி என வகுத்தார். அவ்விளைவு செயலை ஒட்டியே வரவேண்டும். அழைத்தவுடன் ஓடிவந்த நாய்க்கு அக்கணமே கிடைக்கும் ஒரு துண்டு இறைச்சி, அழைப்புக்கு நற்பொருள் தருகிறது. காலையில் நேர்ந்த தவற்றுக்கு மாலையில் விழும் அடியோ, வீட்டுக்காரர் திரும்பி வருவதே அஞ்சத்தக்கது என்பதைத்தான் கற்பிக்கும். அத்தகைய அடியை ஒழுக்கம் கற்பித்தல் என்று அழைப்பது பிழை.

இம்மானுவேல் கான்ட் விலங்குகளிடத்து மனிதருக்குள்ள கடமையை மறைமுகக் கடமை என்றார். விலங்கிடம் காட்டும் கொடுமை மனிதத்தன்மையையே கெடுக்கும் என்பது அதன் கருத்து. நெடுங்காலம் உழைத்து முதுமையடைந்த நாயை இறக்கும்வரை காப்பதை அவரே எடுத்துக்காட்டாகக் கூறினார். எடுத்துக்காட்டு அவருடைய கோட்பாட்டைக் காட்டிலும் விரிந்தது. அந்த முதிய நாய்க்குக் கடன்பட்டிருப்பதை உணர்பவர், அதனைத் தம் குணத்தைப் பேணும் கருவியாக மட்டும் காண இயலாது.

நாயைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் மட்டுமே மனிதர் முழு உரிமையோடு இருக்கிறார். கடன் அதன்பின் தொடங்குகிறது. வெட்டவெளியில் முயலை விரட்டுவதற்காக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை நாயை, அதன் மெலிந்த எழிலுக்காக வாங்கி அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் கட்டிவைப்பவர், பின்னர் அதன் ஓயாத குரைப்பைக் குறையென்று கூறுவது நேர்மையன்று. குட்டி மனிதரையும் ஒலிகளையும் புதுமைகளையும் அச்சமின்றி ஏற்கப் பழகும் பருவம், பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை என்பதால், அது தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் எவ்வாறு வளர்ந்தது என்று கேட்டறிவது, நிறத்தையும் மரபுச்சான்றையும் பார்ப்பதைவிட முதன்மையானது.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் தருமனைத் தொடர்ந்த நாய், அவன் தேர்ந்தெடுத்ததன்று, பழக்கியதுமன்று. அத்தினாபுரத்திலிருந்து தானே உடன்வந்தது. இந்திரன் தேரோடு வந்து நாயை விட்டுவிடச் சொன்னபோது, தன்னை நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று அவன் மறுத்தான். அது அறக்கடவுள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.