செத்த மீனும் சிந்தனையும்

முகத்தை நோக்கி அகத்தை அறியலாம் என்பது நம் முன்னோர் துணிபு. இன்றோ அகத்தையே படம் பிடித்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மூளையின் படத்தில் ஓரிடம் செந்நிறமாய் ஒளிர்கிறது. ‘இதுவே அன்பு’, ‘இதுவே அச்சம்’ என்று அதன்கீழ் அச்சிடுகின்றனர்.

அச்செந்நிறம் மூளையில் இல்லை. குருதியிலுள்ள உயிர்வளியின் அளவிற்கேற்பக் காந்தப் படம் வேறுபடும் என்பதைச் செய்ஜி ஒகாவாவும் அவர் குழுவினரும் 1990இல் காட்டினர். எம்.ஆர்.ஐ. கருவி பதிவது அந்தக் குருதி மாற்றத்தையே, எண்ணத்தை அன்று. அம்மாற்றமும் மிகச் சிறியது. தலை சற்றே அசைந்தாலும் அது மறைந்துவிடும். ஆகவே, இரைச்சலினின்றும் குறிப்பைப் பிரித்தெடுக்கக் கணக்கு முறைகளை வகுத்தனர். வண்ணத்தைத் தீட்டுவது அந்தக் கணக்குத்தான்.

மூளையைச் சிறு கனசதுரங்களாகப் பகுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பர். அவை ஓர் இலட்சம் எனக் கொள்வோம். ஆயிரத்தில் ஒருமுறையே தற்செயல் பிழைக்கு இடந்தரும் வரம்பு கடுமையானதாகத் தோன்றும். ஆயினும் இலட்சம் சோதனைகளில் நூறு இடங்கள் காரணமின்றி ஒளிரக்கூடும். இதனைக் கிரெய்க் பென்னட் குழுவினர் 2009இல் நகைச்சுவையோடு மெய்ப்பித்தனர். செத்த சால்மன் மீனைக் கருவியில் கிடத்தி, மனிதர் படங்களைக் காட்டி, அம்மனிதரின் உணர்ச்சி யாதென வினவினர். மீனின் மூளையில் சில புள்ளிகள் ஒளிர்ந்தன! பல சோதனைகளுக்குரிய திருத்தத்தைச் செய்ததும் அவை மறைந்தன. உயிருள்ள எந்தச் சால்மனுக்கும் இத்துணைப் புகழ் கிட்டியிராது.

அங்ஙனமாயின், வரம்பை இறுக்கிக்கொண்டே செல்வதுதான் நேர்மையோ? அறவினா இங்கேதான் எழுகிறது. சாலை விபத்தில் சிக்கி, தன்னுணர்வு அற்றவராகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண் ஒருவரை ஏட்ரியன் ஓவன் குழுவினர் சோதித்து, முடிவை 2006இல் வெளியிட்டனர். டென்னிஸ் ஆடுவதாக நினைக்கும்படி கூறியபோது, அசைவைத் திட்டமிடும் பகுதி நலமுள்ளோரிடத்துப் போன்றே அவரிடத்தும் செயற்பட்டது. வரம்பைத் தளர்த்தினால் செத்த மீன் சிந்திக்கும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ, சிந்திக்கும் ஒருவர் மரமென எண்ணப்படுவார். முன்னதில் பொய்ப்பது ஒரு கட்டுரை. பின்னதில் கைவிடப்படுவது ஓர் உயிர். இவ்விரண்டிற்கும் ஒரே வரம்பு போதும் என்பது எனக்கு உடன்பாடன்று.

வரம்பை அவரவர் விருப்பத்திற்கு விடுவதும் தகாது. 108 பேரின் மூளைப் பதிவுகளை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. எந்த இரு குழுக்களும் முற்றிலும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. பல கருதுகோள்களில் முடிவுகளும் மாறுபட்டன. விடைத்தாளைப் பிரிக்குமுன் மதிப்பெண் முறையை வகுத்துவிடும் ஆசிரியர்க்கு இதன் தீர்வு புதிதன்று: எவ்வகைப் பிழை எவரைத் தாக்கும் என்பதை எண்ணி, படத்தைப் பார்க்குமுன்பே வரம்பை எழுதி வைத்தல் வேண்டும்.

ஓவன் குழுவினரும் பெல்ஜிய மருத்துவர்களும் 54 நோயாளிகளைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஐவர் சொன்னபடி நினைத்துக் காட்டினர். அவருள் ஒருவரிடம் ‘ஆம்’ எனில் டென்னிஸையும் ‘இல்லை’ எனில் வீட்டையும் நினைக்கச் சொல்லி, ஆறு வினாக்கள் கேட்டனர். ஐந்திற்குச் சரியான விடை வந்தது. ஆறாவதற்கு ஒன்றும் புலப்படவில்லை. அவர் உறங்கினாரோ, கேட்கவில்லையோ, விடையளிக்க விரும்பவில்லையோ, படத்திலிருந்து அறிய இயலவில்லை.